உங்களுக்குத் தெரியுமா? இருட்டில் முந்துவது நீலம்!

பட்டப்பகலில் சிவப்பு கண்ணைப் பறிக்கும். இருட்டியதும் அதே சிவப்பு மங்கித் தெரியும், நீலம் பளிச்சிடும். நிறம் மாறுவதில்லை, மாறுவது நம் கண். செக் விஞ்ஞானி புர்கின்யே 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டறிந்த உண்மை இது. இனி, வீதியில் மின்னும் விளக்குகள் சொல்வதைப் பாருங்கள்:

• நீலம், சிவப்பு: பொலிஸ், அம்பியூலன்ஸ். உடனே ஓரங்கட்டி வழிவிடுங்கள்.

• மஞ்சள்: வீதி வேலை, மண் அள்ளும் பெக்கோ, பழுதான வண்டியை இழுக்கும் வாகனம். வேகத்தைக் குறையுங்கள்.

• இரு பக்கச் சிக்னலும் சேர்ந்து மின்னினால்: முன்னே ஆபத்து, அல்லது வண்டி நின்றுவிட்டது. பனி மூடிய பூனாகலை மலைப்பாதை வளைவுகளில் உயிர் காக்கும் சைகை.

• 1990 என்ற எண்ணில் அழைக்கும் 'சுவசெரிய' அம்பியூலன்ஸ் சேவை: அழைப்பும் பயணமும் இலவசம். 2016இல் இந்திய நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் ஊவாவுக்கும் வந்தது.