ஜீப் குதிக்குதா? ஷாக் அப்சார்பரைப் பாருங்க!



"இது வண்டிக்காரங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கச்சிராயபாளையத்தில் ஏறி, கோமுகி அணையைத் தாண்டி, கரியாலூர், வெள்ளிமலை என்று போகும் ஜீப்பில் பின்சீட்டில் உட்கார்ந்து போவது யார்? நாம்தான். பிரசவத்துக்கு இறக்கிக் கொண்டுவருவதும் அதே ஜீப்பில்தான். குழுக் கடன் வாங்கிப் பழைய பொலிரோ, ட்ராக்ஸ், கமாண்டர் வாங்கி ஓட்டும் குடும்பங்களும் நம்மில் உண்டு. அந்த வண்டி ஓடினால்தான் தவணை கட்ட முடியும். அதனால் இந்த மாதம் ஷாக் அப்சார்பர் பற்றி எழுதுகிறோம். மெக்கானிக்குகள் "சாக்கப்சர்" என்று சொல்வது இதைத்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஷாக் அப்சார்பர் இல்லை, ஸ்பிரிங். பழைய கமாண்டரில் நாலு சக்கரத்துக்கும் பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங் இருக்கும். பொலிரோவில் முன்னால் சுருள், பின்னால் பட்டை. பள்ளத்தில் சக்கரம் விழும்போது ஸ்பிரிங் அமுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். ஆனால் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் விடாது. வீட்டில் குழந்தைக்குத் தொட்டில் ஸ்பிரிங் மாட்டுகிறோமே, ஒரு தட்டு தட்டினால் எத்தனை நேரம் மேலும் கீழும் ஆடுகிறது! தொட்டிலில் அது சுகம். மலை வளைவில் வண்டி அப்படி ஆடினால் ஆபத்து.

அந்த ஆட்டத்தை நிறுத்துவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. மூடிய குழாய், உள்ளே எண்ணெய், எண்ணெய்க்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சின்னச் சின்ன ஓட்டைகள். முறுக்கு அச்சில் மாவை அழுத்திப் பாருங்கள். மெதுவாக அழுத்தினால் இறங்கும், வேகமாக அழுத்தினால் கை வலிக்கும், ஓட்டை அவ்வளவுதான் விடும். இங்கேயும் அப்படித்தான். ஸ்பிரிங் துள்ளப் பார்க்கும்போது எண்ணெய் அந்தச் சின்ன ஓட்டை வழியாகத்தான் போக வேண்டும். துள்ளல் அங்கேயே அடங்கி, சூடாக மாறிப்போகும். மோசமான ரோட்டில் ஓடி நிற்கும் வண்டியில் ஷாக் அப்சார்பர் சுடுவது இதனால்தான்.

தேய்ந்துபோனால் என்ன ஆகும்? உடம்பு வலி மட்டும் என்று நினைக்கிறோம். அதைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது. பிரேக் போட்டால் வண்டியை நிறுத்துவது டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிப்பு. சக்கரம் குதித்துக்கொண்டே இருந்தால், குதித்த அந்த நேரத்துக்குப் பிடிப்பு இல்லை. பிரேக் நன்றாகவே இருக்கும், ஆனாலும் வண்டி இரண்டடி தள்ளிப்போய்த்தான் நிற்கும். இறக்கத்தில், ஜல்லி பெயர்ந்த வளைவில், மழை ஈரத்தில் அந்த இரண்டடி எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்கே தெரியும். நம் மலைச் சாலைகளின் நிலை புதுச் செய்தி இல்லை. 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றித் தானே முன்வந்து வழக்கு எடுத்தபோது, சாலை வசதியும் அங்கே பேசப்பட்டது. ரோடு போடும்போது போடட்டும். அதுவரைக்கும் வண்டியையாவது சரியாக வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

எப்போது மாற்றுவது என்று கேட்டால், நல்ல ரோட்டில் ஓடும் வண்டிக்கு 80,000 கிலோமீட்டர் பக்கத்தில் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. மலைக்கு மலையேறி, மரவள்ளி மூட்டையும் ஆளும் ஏற்றும் வண்டிக்கு இந்தக் கணக்கை நம்பாதீர்கள். பழைய வண்டியில் மீட்டரே ஓடாமல் கிடக்கும், அது வேறு கதை! 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மீட்டர் இல்லாவிட்டால் ஆயில் மாற்றும்போதெல்லாம், கீழே குனிந்து பார்த்துவிட வேண்டும். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் ஒருமுறை கட்டாயம்.

பார்க்கும்போது முதலில் எண்ணெய்க் கசிவைப் பாருங்கள். குழாய் மேல் லேசாகப் புழுதி ஒட்டிய ஈரம் இருந்தால் பயப்பட வேண்டாம். துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். மறுபடி நனைந்து, வழிந்து நின்றால் உள்ளே சீல் போய்விட்டது. மாற்றத்தான் வேண்டும், தள்ளிப்போட எதுவும் இல்லை. தண்டு வளைந்திருந்தாலும், குழாய் நசுங்கியிருந்தாலும், மாட்டும் இடம் உடைந்திருந்தாலும் இதே பதில்தான்.

அடுத்து டயர். உள்ளங்கையால் டயரைச் சுற்றித் தடவுங்கள். ஒரே சீராகத் தேயாமல், அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு டயர் விலை ஒரு ஷாக் அப்சார்பர் விலையைவிட அதிகம் என்பதை ஞாபகம் வையுங்கள்.

வண்டியின் மூலையை அமுக்கிவிட்டு விடும் சோதனை எல்லோருக்கும் தெரியும். விட்டதும் ஒருமுறை எழும்பி நின்றுவிட்டால் சரி, இரண்டு மூன்று தடவை ஆடினால் போச்சு. ஆனால் பட்டை ஸ்பிரிங் உள்ள பக்கத்தில் இந்தச் சோதனையை முழுசாக நம்பக்கூடாது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசியே ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கிவிடும். ஷாக் அப்சார்பர் செத்தே கிடந்தாலும் வண்டி பாஸாகிவிடும். அங்கே வேறு வழி உண்டு. கரடு முரடான ரோட்டில் அரைமணி ஓட்டி நிறுத்தியதும் நாலையும் பக்குவமாகத் தொட்டுப் பாருங்கள், சுடும். மூன்று சூடாக இருந்து ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால், அது வேலையே செய்யவில்லை.

இன்னொரு விஷயம். இந்தக் குறையை டிரைவரைவிடப் பின்னால் உட்காருகிற நாம்தான் முதலில் கண்டுபிடிப்போம். கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதால் தினமும் ஓட்டுகிறவருக்கு அதுவே பழகிப்போய்விடும். "பின்பக்கம் உதறுதுங்க", "வளைவில் ஒதுங்குதுங்க", "பிரேக் போட்டா மூக்கு குத்துதுங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். "பொம்பளைங்களுக்கு என்ன தெரியும்" என்று சொன்னால், டயரைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கிறதா? அது ஸ்பிரிங் தளர்ந்ததாலோ, பட்டை உடைந்ததாலோ இருக்கலாம். முன்னால் சொன்னபடி பாரம் தாங்குவது ஷாக் அப்சார்பர் இல்லை. அதற்காக ஷாக் அப்சார்பர் மாற்றச் சொல்கிறவரிடம் ஏன் என்று கேளுங்கள். 'டொக் டொக்' சத்தம் வந்தால் சில சமயம் ரப்பர் புஷ் மட்டும் போயிருக்கும். புஷ் விலை குறைவு. முதலில் அதைப் பாருங்கள்.

மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். முன்னால் என்றால் முன்னால் இரண்டும், பின்னால் என்றால் பின்னால் இரண்டும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் பிரேக்கில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கப் பார்க்கும். நாலையும் ஒரே நாளில் மாற்றியே ஆக வேண்டும் என்றில்லை. பணம் இல்லாவிட்டால் மோசமான ஜோடியை முதலில் மாற்றலாம். பழசைத் திறந்து எண்ணெய் ஊற்றிப் பெயிண்ட் அடித்து "ரீகண்டிஷன்" என்று விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். பில்லோடு, உங்கள் வண்டி மாடலுக்கு உரியதையே வாங்குங்கள். ஓசூரிலேயே கேப்ரியல் கம்பெனி ஷாக் அப்சார்பர் தயாரிக்கிறது, பொருள் கிடைக்காமல் போகாது. கழற்றிய பழசைக் கையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கையும் பார்ப்போம். நாலுக்கும் கூலியோடு சேர்த்து 8,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்குக் கடை, மாடலுக்கு மாடல் மாறும். இரண்டு கடையில் விசாரியுங்கள். குழுவில் உள்கடன் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால், மாதம் 800 அசல் வீதம் 10 மாதத்தில் கட்டினால் மொத்த வட்டி 440 ரூபாய்தான். தீர்மானப் புத்தகத்தில் "வாகனப் பழுது" என்று எழுதி, பில்லை ஒட்டி வையுங்கள். வெளியே தண்டல்காரரிடம் போக வேண்டாம்.

வாடகைக்கு ஓடும் மஞ்சள் போர்டு வண்டி 8 வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்க வேண்டும். எஃப்.சி.க்கு முதல்நாள் மட்டும் நல்ல ஷாக் அப்சார்பரை இரவல் வாங்கி மாட்டிக் காட்டுவது யாரை ஏமாற்ற? வெள்ளை போர்டு வண்டியில் கட்டணம் வாங்கி ஆள் ஏற்றினால், விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கிடைப்பதும் சிக்கல்தான். அளவுக்கு மீறி ஆளும் மூட்டையும் ஏற்றி, படியில் நாலு பேர் தொங்கினால் எந்தப் புது ஷாக் அப்சார்பரும் காப்பாற்றாது. இதைக் குழுவாகச் சேர்ந்து சொன்னால்தான் கேட்பார்கள். ஒருத்தியாகச் சொன்னால், "இறங்கிக்கோம்மா" என்பார்கள்.

மாட்டும்போது மெக்கானிக்கிடம் ஒன்று சொல்லிவையுங்கள். புஷ் உள்ள போல்ட்டுகளை ஜாக்கியில் தூக்கி வைத்தபடியே கடைசி முறுக்கு முறுக்கக்கூடாது. வண்டியை இறக்கி, சக்கரம் தரையில் பாரத்தோடு நின்ற பிறகுதான் முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். ஒரு வாரம் மலை ஏறி இறங்கிய பிறகு, அதே போல்ட்டுகளை இன்னொருமுறை ஸ்பேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.