மூலிகைக்குள் ஒரு வளையம்



இன்சுலின் ஊசி போடும் பலர் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். "இதைக் குளிசையாகத் தந்தால் என்ன?" என்று அவர்கள் கேட்பதுண்டு. இன்சுலின் 51 அமினோ அமிலங்களாலான சிறு புரதம். விழுங்கினால் பருப்பு, மீன் போல அதுவும் வயிற்றில் சமித்துவிடும். இத்தகைய சிறு அமினோ அமிலச் சங்கிலிகளைப் பெப்டைட் என்பார்கள். இவை மருந்தாவதற்கு இரண்டு தடைகள்: ஒன்று சமிபாடு, மற்றது, பெரும்பாலானவை உடற்கலங்களின் உள்ளே நுழைய முடியாமை.

இதற்கு ஒரு வழியைக் காட்டியது ஒரு மூலிகைத் தேநீர். 1960களில் செஞ்சிலுவைச் சங்கப் பணிக்காகக் கொங்கோ சென்ற நோர்வே வைத்தியர் லொரென்ட்ஸ் கிரான், பிரசவத்தை விரைவாக்க அங்குள்ள பெண்கள் ஒரு செடியை அவித்துக் குடிப்பதைக் கவனித்தார். கொதித்த பின்னும் அதன் வீரியம் குறையவில்லை. காரணம் 1995இல் தெளிவானது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கிரெய்க்கும் சக ஆய்வாளரும் அதிலுள்ள பெப்டைட்டின் வடிவத்தைக் கண்டறிந்தார்கள். அதில் 29 அமினோ அமிலங்கள். தலையும் வாலும் இணைந்து வளையமாகியிருந்தன. குறுக்கே மூன்று கந்தகப் பிணைப்புகள் முடிச்சிட்டிருந்தன. சமிபாட்டு நொதியங்கள் சில, சங்கிலியை முனையிலிருந்தே அரிக்கும். வளையத்துக்கு முனை ஏது?

இவ்வகைப் பெப்டைட்டுகளுக்குச் சைக்குளோட்டைட் என்று பெயர். எங்கள் ஊர் வேலிகளிற் படரும் காக்கணத்தில், அதாவது சங்குப்பூவில், 2011இலும், சித்த வைத்தியர்கள் பாவிக்கும் ஓரிதழ் தாமரையில் 2020இலும் பல சைக்குளோட்டைட்டுகள் விபரிக்கப்பட்டன.

கலத்தின் உள்ளே நுழைவது எப்படி? பாகல் இனத்தைச் சேர்ந்த, வியட்நாமில் 'கக்' எனப்படும் பழத்தின் விதையில் உள்ள இன்னொரு வளையம் கலங்களுக்குள் புகக்கூடியது. அமெரிக்க ஆய்வாளர்கள் அதன் ஒரு பகுதியை மாற்றியமைத்து, புற்றுக் கலத்தில் முடங்கிக் கிடந்த காவற் புரதமான பி53ஐ மீண்டும் இயங்க வைத்தார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வில், எலிகளில் வளர்த்த மனிதக் கட்டிகளின் வளர்ச்சி குறைந்தது.

ஆனால் எலி வேறு, மனிதர் வேறு. இதை ஹரோவில் உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2006 மார்ச்சில் நோர்த்விக் பார்க் வைத்தியசாலை வளாகத்தில் இயங்கிய தனியார் பரிசோதனை நிலையமொன்றில், குரங்குகளில் பாதுகாப்பாகத் தெரிந்த ஒரு மருந்தை ஏற்றிய ஆறு பேரும் உயிராபத்தான நிலைக்குப் போய்த் தப்பினார்கள். அது வேறு வகை மருந்து, பாடம் ஒன்றே.

சைக்குளோட்டைட் எதுவும் இன்னும் அங்கீகரிக்கப்பட்ட மருந்தாகவில்லை. ஆய்வுகூடத்தில் ஏற்றுவது அளந்து, மாற்றியமைத்த ஒரு பொருள். நாங்கள் அவிக்கும் இலையில் அது எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியாது. குடித்தாலும் குடலிலிருந்து இரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு. ஆகவே காக்கணமோ ஓரிதழ் தாமரையோ குடிப்பவர்கள் புற்றுநோய்ச் சிகிச்சையையோ இன்சுலினையோ நிறுத்த வேண்டாம். குடிப்பதை வைத்தியரிடம் மறைக்கவும் வேண்டாம். கர்ப்பிணிகள் தாங்களாகவே மூலிகை அவித்துக் குடிக்க வேண்டாம். கொங்கோவின் தேநீர் கருப்பையை எவ்வளவு வலுவாக இறுக்கியது என்பதை மறக்கக்கூடாது.