புகையிலையும் நிக்கொட்டினும்

புகையிலை நம் நாட்டுப் பயிரன்று. அமெரிக்கக் கண்டத்திலே தோன்றிய அச்செடி ஐரோப்பிய வணிகரோடு கீழைத்தேயங்களை அடைந்தது. ஆயினும் யாழ்ப்பாணத்து மண் அதனை நன்கு ஏற்றுக்கொண்டது. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூர்ச் சந்தையில் நெடுங்காலம் பெயர்பெற்று விளங்கியதும், அவ்வருவாயாற் பல குடும்பங்கள் தம் மக்களைக் கற்பித்ததும் நாம் அறிந்தவை. ஆதலின், அதன் தீமை பற்றி ஈண்டு எழுதுவோன் அதனால் வாழ்ந்தோரின் வழித்தோன்றல்களுக்கே எழுதுகின்றான் என்பதை மறத்தலாகாது.

இலையிலுள்ள முதன்மையான பொருள் நிக்கொட்டின் என்னும் அற்கலோயிட்டு. 1560 அளவில் போர்த்துக்கலிலிருந்து பிரான்சிய அரசவைக்குப் புகையிலையை அனுப்பிய தூதுவர் ஜோன் நிக்கோவின் பெயரால் அது வழங்குகின்றது. 1828இல் ஜேர்மனியிற் பொசெல்ற், றைமான் என்னும் இருவர் அதனைத் தனியே பிரித்தெடுத்தனர். செடி அதனை வேரில் ஆக்கி இலைக்கு ஏற்றுவது பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்தற்பொருட்டு. புகையிலை ஊறிய நீரைப் பயிருக்குத் தெளிக்கும் கமக்காரன் இவ்வுண்மையை நூல் கற்காமலே அறிந்தவன்.

பூச்சியைக் கொல்லும் நஞ்சு மனிதனை மகிழ்விப்பது எங்ஙனம்? நரம்புகள் தம்முட் செய்தி பரிமாறுதற்கு அசற்றைல்கோலின் என்னும் பொருளைப் பயன்படுத்துகின்றன. அதனை ஏற்கும் வாங்கிகளிற் சில, கள்ளத் திறப்புக்குத் திறபடும் பூட்டுப்போல, நிக்கொட்டினுக்கும் இடங்கொடுக்கின்றன. உள்ளிழுத்த புகையிலுள்ள நிக்கொட்டின் 10 முதல் 20 செக்கனுக்குள் மூளையை அடைய, ஆங்கே டோபமின் சுரக்கின்றது, இன்பம் தோன்றுகின்றது. பழகப் பழக அவ்வாங்கிகள் எண்ணிக்கையிற் பெருகுகின்றன. குருதியிலுள்ள நிக்கொட்டினோ ஏறக்குறைய இரண்டு மணி நேரத்திற் பாதியாகின்றது. அது குறையவே எரிச்சலும் மனச்சிதறலும் எழுகின்றன. அடுத்த சிகரெட் தரும் அமைதி பெரும்பாலும் முன்னைய சிகரெட் விளைத்த அமைதியின்மையின் நீக்கமேயாம். கடன் கொடுத்தவன் வட்டியிற் சிறிது தள்ளிவிட, அவனை வள்ளல் என்று போற்றுதலை இது ஒக்கும்.

சுருட்டும், வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் தீங்கு குறைந்தவை என்பார் நம்மிடையே பலர். காரத்தன்மையுள்ள சூழலில் நிக்கொட்டின் மென்சவ்வினூடே எளிதிற் செல்லும். சிகரெட் புகை சிறிது அமிலத்தன்மையுடையது. ஆதலின் அதனைச் சுவாசப்பைக்குள் இழுத்தல் வேண்டும். சுருட்டுப் புகையோ காரத்தன்மை மிக்கது. வாயிலிருந்தே குருதியிற் கலக்கும். தாம்பூலத்திற் சேரும் சுண்ணாம்பும் இவ்வேலையையே செய்கின்றது. பாட்டி சுண்ணாம்பின் அளவில் அத்துணைக் கண்டிப்பாயிருந்தது சுவைக்காக மட்டுமா என்று நாம் ஐயுறலாம். இலங்கை ஆண்களைப் பற்றும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோய் முன்வரிசையில் நிற்பதற்கு இப்பழக்கம் பெருங்காரணம். புகையிலையை நீக்கினும் பாக்குத் தானே புற்றுநோயை விளைப்பதென அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவராண்மை 2004இல் வெளியிட்டது. கன்னத்தின் உட்புறத்தே நோவற்ற வெண்படலமோ, மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ காணின் அன்றே வைத்தியரிடம் காட்டல் வேண்டும். நோவில்லை என்று வாளாவிருந்தோரே காலந்தாழ்த்தி வருகின்றனர்.

பிணிப்பது நிக்கொட்டின், கொல்வது பெரும்பாலும் அதனோடு வருவன. தாரிலுள்ள பொருள்கள் கலங்களைக் கெடுக்கின்றன. காபனோரொட்சைட்டு குருதியில் ஒட்சிசனின் இடத்தைக் கவர்கின்றது. றிச்சாட் டொல், பிராட்போட் ஹில் என்போர் 1951இல் பிரித்தானிய வைத்தியர்களிடையே தொடங்கிய ஆய்வு 50 ஆண்டுகள் நீடித்தது. இடைவிடாது புகைத்தோர் புகையாதாரினும் ஏறக்குறைய 10 ஆண்டுகள் முன்னரே இறந்தனர் என்பது 2004இல் வெளியான முடிவு. 30 வயதில் நிறுத்தியோர் அப்பத்தையும் பெரும்பாலும் மீட்டனர். 50இல் நிறுத்தியோர் ஆறு. 60இல் நிறுத்தியோரும் மூன்று.

நிறுத்துவோர்க்கு முதல் இரண்டு மூன்று நாள்களே கொடியவை. சில வாரங்களிற் பெரும்பாலான தொல்லைகள் தணியும். அதுகாறும் தாரும் புகையுமின்றிச் சிறிதளவு நிக்கொட்டினைத் தரும் மெல்லற் கோந்து உதவும். அதனையும் இடையிடையே கன்னத்தில் ஒதுக்கி மெல்ல மெல்லுதல் வேண்டும். கோப்பி, பழரசம் முதலியன வாயில் அமிலத்தை மிகுவிப்பதால், அவற்றை அருந்திக் கால்மணி நேரமேனும் கழிந்த பின்னரே அதனை வாயிலிடல் தகும்.