தூரத்துக் குழுவில் பணிபுரியும் சகோதரிக்கு

வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டவருடன் கணினியில் வேலை செய்கிறீர்களா? குளிர்காலத்தில் லண்டனில் மாலை 5 மணி என்றால் நமக்கு இரவு 10.30. சவூதியில் வெள்ளி, சனி விடுமுறை. 2022 முதல் துபாய் அரச அலுவலகங்களுக்கு வெள்ளி நண்பகலிலிருந்து ஞாயிறு வரை. நமது போயா விடுமுறையை அவர்கள் அறியார்கள். நீங்கள் சொல்லாவிட்டால், பதில் தாமதிக்கும்போது அலட்சியம் என்றே நினைப்பார்கள். எனவே விடுமுறை, நோன்பு, பெருநாள் நாட்களை முன்கூட்டியே எழுதி அறிவியுங்கள், அவர்களுடையதையும் கேட்டறியுங்கள்.

நீங்களே குழுத் தலைவியா? கூட்ட நேரத்தை முறைவைத்து மாற்றுங்கள். எப்போதும் ஒருவரே தூக்கம் இழக்கலாகாது. மௌனத்தைச் சம்மதமென எண்ணாதீர்கள். அது மொழித் தயக்கமாகவும் இருக்கலாம். தனியே கேளுங்கள். முடிவுகளை எளிய வார்த்தைகளில் எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். பிறருடைய நேரமும் நம்மிடமுள்ள அமானிதமே.