உஷார்! மேலே ஹிட்டாச்சி ஓடும்போது கீழே ஆள் இறங்கலாமா?

கோடை பிறந்தால் போதும், கிணறு ஆழப்படுத்தவும் புதுக்கிணறு வெட்டவும் ஊருக்கு ஊர் ஹிட்டாச்சியும் கிரேனும் வந்து நிற்கும். வாடகை மணிக்கணக்கில் ஏறும். அந்த அவசரத்தில், மேலே மெஷின் மண் அள்ளிக்கொண்டிருக்கும்போதே, பக்கெட் எட்டாத மூலையில் கல் பெயர்க்க ஓர் ஆளைக் கீழே இறக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து இதை உடனே நிறுத்துங்கள்!

20 டன் வண்டியின் கை ஏறக்குறைய 20 அடி ஆழம் வரைதான் எட்டும். இன்னும் தோண்டச் சொல்லி நாம் நெருக்கினால், ஆபரேட்டர் வண்டியை விளிம்புக்கு நகர்த்துவார். 20 டன் எடை, பக்கெட் பாறையில் முட்டும் அதிர்வு, போதாததற்கு அள்ளிய மண்ணும் அங்கேயே குவிகிறது. ஒரு கன மீட்டர் மண்ணே ஏறக்குறைய ஒன்றரை டன். இத்தனையையும் தாங்குவது நேற்று வெட்டிய பச்சை மண்சுவர்.

மத்தியப் பொதுப்பணித் துறையின் பாதுகாப்பு விதி, அள்ளிய மண்ணைப் பள்ளத்தின் விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டர் அல்லது பள்ளத்தின் ஆழத்தில் பாதி, இரண்டில் எது அதிகமோ அந்தத் தூரம் தள்ளிக் கொட்டச் சொல்கிறது. 20 அடிக் கிணற்றுக்கு 10 அடி. நம் வயல்களில் யார் இதைப் பார்க்கிறார்கள்?

சரிவதற்கு முன் மண் பெரும்பாலும் அடையாளம் காட்டும். விளிம்பிலிருந்து சில அடி தள்ளி, கிணற்றின் வளைவை ஒட்டியே மயிரிழை போல ஒரு விரிசல் ஓடும். சுவரிலிருந்து சரளை பொலபொலவென உதிரும். முதல்நாள் காய்ந்திருந்த இடத்தில் ஈரம் கசியும். இதில் ஒன்றைக் கண்டாலும் ஆளை மேலே ஏற்றுங்கள், வண்டியைப் பின்னுக்கு எடுங்கள். மழை பெய்த மறுநாள் வேலையே வேண்டாம்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்கே தெரியாது. குறுகிய கிணற்றுக்குள் சின்ன மெஷினைக் கிரேனில் கட்டி இறக்கித் தோண்டுகிறார்கள். டீசல் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறமும் கிடையாது. விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை இங்கே நம்பாதீர்கள். பிராணவாயு மிகவும் குறைந்தால்தான் விளக்கு அணையும். ஆளைக் கொல்லும் அளவு கார்பன் மோனாக்சைடு இருந்தாலும் அது எரிந்துகொண்டேதான் இருக்கும். கேஸ் மீட்டர் வைத்துப் பாருங்கள். இன்ஜின் ஓடும் நேரம் முழுக்க அடிவரை குழாய் விட்டு ஊதுகாற்றாடியால் நல்ல காற்றைச் செலுத்துங்கள். உள்ளே இறங்குபவர் இடுப்பிலும் தோளிலும் பெல்ட் கட்டி, கயிற்றின் மறுமுனை மேலே ஒருவர் கையில் இருக்கட்டும்.

ஒருவர் மயங்கி விழுந்தால் அண்ணன், தம்பி, பக்கத்துத் தோட்டக்காரர் என்று அடுத்தடுத்து இறங்குவதுதான் மிகப்பெரிய கொடுமை. இத்தகைய அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986-லேயே எச்சரித்தது. மண் மூடினாலும் பதறிப்போய் ஹிட்டாச்சியை விட்டுத் தோண்டாதீர்கள். உயிரோடு இருப்பவரை அந்தப் பக்கெட்டே கொன்றுவிடும்.

தீயணைப்புத் துறைக்கு 101, ஆம்புலன்சுக்கு 108. மெஷின் வந்து நிற்கும் அன்றே இந்த இரண்டு எண்களையும் வேலையாட்கள் அத்தனை பேர் போனிலும் பதிந்து கொடுங்கள்.