துறைமுகத்தில் தொழில் பழகலாம்

தாராவியில் எங்கள் மாலை வகுப்புக்கு ஓர் அக்கா வருகிறார். காலையில் இட்லி விற்பவர். போன மாதம் ஒரு நோட்டீஸை மடித்து எடுத்து வந்தார்.

"பையனுக்குக் கப்பலில் வேலையாம். என்ன போட்டிருக்கிறது, பாருங்கள்" என்றார்.

"உங்களுக்குத்தான் படிக்க வருமே, அக்கா. நீங்களே படியுங்கள்" என்றேன்.

விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். 15 நாள் பயிற்சி. உடனே வெளிநாட்டுக் கப்பல். மாதம் 50,000 ரூபாய் சம்பளம். முன்பணம் 2 லட்சம் ரூபாய். கீழே ஒரு செல்போன் எண் இருந்தது. விலாசம் இல்லை. உரிம எண்ணும் இல்லை.

கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கலாம் என்று அக்கா நினைத்திருந்தார். பையனுக்கு வயது 16. எட்டாம் வகுப்பு தேறியவன். ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டான்.

முதலில் அந்த நோட்டீஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கப்பலுக்கு ஆள் எடுத்து அனுப்பும் கம்பெனிக்கு மத்திய அரசின் உரிமம் வேண்டும். கப்பல் துறைத் தலைமை இயக்குநர் அலுவலகம் அதைக் கொடுக்கிறது. அந்த அலுவலகம் மும்பையிலேயே இருக்கிறது. உரிமம் பெற்ற கம்பெனிகளின் பட்டியலை அதன் இணையதளத்தில் பார்க்கலாம். உரிமம் உள்ள கம்பெனியும், வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது. அந்தச் செலவு கப்பல் முதலாளியைச் சேர்ந்தது. சட்டம் இப்படித்தான் சொல்கிறது.

உரிமம் இல்லாத ஏஜெண்டை நம்பிப் போனவர்கள் உண்டு. சம்பளம் இல்லாமல், வெளிநாட்டுத் துறைமுகத்தில் மாதக் கணக்கில் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. வேலைக்கு 2 லட்சம் கேட்கிற இடத்தில் வேறு எதையும் விசாரிக்க வேண்டாம். எழுந்து வந்துவிடலாம்.

"அப்படியானால் எங்களைப் போன்றவர்களின் பிள்ளைகளுக்குக் கப்பல் வேலை கிடையாதா?" என்று அக்கா கேட்டார்.

ஒரு வழி இருக்கிறது. அது கரையில் தொடங்குகிறது. அதில் நாம் பணம் கட்டிப் படிப்பதில்லை. படிக்கும்போதே நமக்குக் கொஞ்சம் பணம் தருகிறார்கள்.

கப்பல் கட்டும் இடத்தில்

தொழிற்சாலையில் சேர்ந்து, வேலை செய்துகொண்டே தொழில் கற்பவரை அப்ரண்டிஸ் என்கிறோம். தொழில் பழகுநர் என்பது அதற்குத் தமிழ்ப் பெயர். இதற்காக 1961ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. பெரிய தொழிற்சாலைகள் பழகுநர்களைச் சேர்த்துப் பயிற்சி தர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. துறைமுகங்களும் கப்பல் கட்டும் நிறுவனங்களும் இதில் அடங்கும்.

மும்பையில் ஹார்பர் லைன் ரயிலில் போனால் டாக்யார்டு ரோடு என்று ஒரு நிலையம் வரும். அதன் அருகே கடலை ஒட்டி மசகான் டாக் இருக்கிறது. 1960இல் மத்திய அரசு வாங்கிய நிறுவனம் இது. இங்கே போர்க்கப்பல்களும் நீர்மூழ்கிக் கப்பல்களும் கட்டுகிறார்கள். 2025 ஜனவரி 15 அன்று மூன்று போர்க்கலங்கள் ஒரே நாளில் கடற்படையில் சேர்ந்தன. சூரத், நீலகிரி, வாக்ஷீர் என்பவை அவற்றின் பெயர்கள். மூன்றும் இங்கே கட்டியவை.

இந்த நிறுவனத்துக்குச் சொந்தமாக அப்ரண்டிஸ் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறியவர்களை ஒரு பிரிவிலும் ஐ.டி.ஐ. முடித்தவர்களை இன்னொரு பிரிவிலும் எடுக்கிறார்கள். எட்டாம் வகுப்புத் தேறியவர்களுக்கும் ஒரு பிரிவு உண்டு. இதைச் சொன்னதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பிரிவுக்கு வயது 14 முதல் 18 வரை என்று அறிவிப்பில் வந்திருக்கிறது. வெல்டர், ரிக்கர் என்ற இரண்டு தொழில்களை அதில் கற்றுத் தருகிறார்கள்.

வெல்டர் என்றால் நமக்குத் தெரியும். ரிக்கர் யார்?

கப்பல் கட்டும் இடத்தில் எல்லாமே கனமானவை. இரும்புத் தகடுகளை வெட்டி, வளைத்து, ஒட்டி, வீடு போன்ற பெரிய பெரிய துண்டுகளாகச் செய்கிறார்கள். அந்தத் துண்டுகளைக் கிரேன் தூக்கி வைக்கிறது. பிறகு ஒன்றோடு ஒன்றை ஒட்டுகிறார்கள். கிரேன் தூக்கும் முன் பாரத்துக்கு வடம் கட்ட வேண்டும். கொக்கி மாட்ட வேண்டும். கிரேன் ஓட்டுபவருக்குக் கையால் சைகை காட்ட வேண்டும். இதைச் செய்பவர்தான் ரிக்கர். துறைமுகத்துப் பழைய ஆட்கள் கலாசி வேலை என்பார்கள்.

கயிறு கட்டுவதில் என்ன படிப்பு என்று கேட்கலாம். கேளுங்கள். ஒரு டன் பாரத்தை இரண்டு வடங்களால் தூக்குகிறோம். ஒவ்வொரு வடமும் அரை டன் தாங்கும் என்று நினைப்போம். வடங்கள் நேராகத் தொங்கினால் அது சரி. காலை அகட்டி வைத்ததுபோல் அவை விரிந்தால், ஒவ்வொரு வடத்திலும் இழுப்பு கூடிக்கொண்டே போகும். இரண்டுக்கும் நடுவே 120 டிகிரி விரிந்துவிட்டால், ஒவ்வொரு வடமும் ஒரு டன் முழுவதற்கும் ஈடு கொடுக்க வேண்டும். அரை டன் தாங்கும் வடம் அப்போது அறுந்துவிடும். கீழே ஆள் நின்றால் உயிர் போய்விடும். அதனால்தான் பள்ளியில் கணக்கும் சொல்லித் தருகிறார்கள். தொங்கும் பாரத்தின் கீழே நிற்காதே என்பது அங்கே முதல் பாடம்.

வெல்டர் வேலையிலும் ஆபத்து உண்டு. கப்பலின் அடியில் சின்னச் சின்ன இரும்பு அறைகள் இருக்கும். உள்ளே காற்று போதாது. கெட்ட வாயு தங்கியிருக்கும். காற்றைச் சோதிக்காமல் உள்ளே இறங்கக் கூடாது. வெளியே ஒருவர் காவல் நிற்க வேண்டும். கண்ணாடி முகமூடி இல்லாமல் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்தால், இரவெல்லாம் கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரியும். மும்பை வெயிலில் இரும்பு அறைக்குள் வேலை செய்வது லேசானது அல்ல. பையனிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள் என்று அக்காவிடம் சொன்னேன்.

எவ்வளவு பணம் வரும்?

இதைச் சம்பளம் என்று சொல்வதில்லை. உதவித்தொகை என்கிறார்கள். 2019இல் திருத்திய அரசு விதியின்படி, பத்தாம் வகுப்பை எட்டாதவர்களுக்குக் குறைந்தது மாதம் 5,000 ரூபாய். இரண்டாம் ஆண்டில் பத்தில் ஒரு பங்கு கூடும். தொடக்க மாதங்களில் அடிப்படைப் பயிற்சி நடக்கும்போது தொகை குறைவாக இருக்கும். இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. ரயில் பாஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும். தொழிலைப் பொறுத்து ஒன்றேகால் ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை பயிற்சி இருக்கும்.

சேரும்போது ஓர் ஒப்பந்தம் எழுதுவார்கள். 18 வயது நிறையாத பிள்ளைக்காகப் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். போடும் முன் படித்துப் பாருங்கள். நடுவில் நின்றால் நிறுவனத்துக்கு ஈடு கட்ட வேண்டி வரலாம். நிறுவனம் தன் சொல்லைக் காப்பாற்றாவிட்டால், அது உங்களுக்கு ஈடு கட்ட வேண்டும். பயிற்சியில் அடிபட்டால் நஷ்டஈடு உண்டு. அரசின் பயிற்சி ஆலோசகர் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பலருக்கு இது ஏமாற்றம்தான். ஆனால் கடைசியில் ஒரு தேர்வு உண்டு. அதில் தேறினால் தேசியத் தொழில் பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். அது நாடு முழுவதும் செல்லும். கப்பல் பழுது பார்க்கும் ஒப்பந்தக் கம்பெனிகளும் துறைமுகங்களும் கை பழகிய ஆட்களைத் தேடுகின்றன.

கடலுக்குப் போக வேண்டுமானால்

கப்பலில் ஏறி மாலுமியாகப் போவதற்கு எட்டாம் வகுப்பு போதாது. பத்தாம் வகுப்பில் கணக்கு, அறிவியல், ஆங்கிலம் தேற வேண்டும். அரசு அங்கீகரித்த பள்ளியில் 6 மாதப் பயிற்சி பெற வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு. நிறக்குருடு இருந்தால் எடுக்க மாட்டார்கள். எல்லாம் சரியாக இருந்தால் சி.டி.சி. என்ற கடல் பணிப் புத்தகம் கிடைக்கும். 15 நாளில் இது நடக்காது.

அக்காவின் மகன் தொழில் பழகிக்கொண்டே பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வாக எழுதலாம். நான் அவனுக்குச் சொன்ன யோசனை இதுதான். பெரிய கப்பல்களில் பிட்டர் என்று ஒருவர் இருப்பார். நடுக்கடலில் குழாய் உடைந்தால் ஒட்டுவதும் இயந்திரப் பாகத்தைச் சரிசெய்வதும் அவர் வேலை. பட்டறையில் கை பழகியவருக்கு அந்த வேலை பொருந்தும்.

"பெண் பிள்ளைகளை எடுப்பார்களா?" என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். எடுக்கிறார்கள். சட்டத்தில் தடை இல்லை.

விசாகப்பட்டினத்தில் கடற்படைக்குப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. கொச்சியிலும் கொல்கத்தாவிலும் கோவாவிலும் கப்பல் கட்டும் நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கெல்லாம் பெரும்பாலும் ஐ.டி.ஐ. கேட்பார்கள்.

மசகான் டாக் அறிவிப்பு அதன் சொந்த இணையதளத்தில் வரும். விண்ணப்பத்துக்குச் சிறிய கட்டணம் இருக்கலாம். அது நூறு ரூபாய்க் கணக்கு, லட்சக் கணக்கு அல்ல. எழுத்துத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, உடல் பரிசோதனை என்று வரிசையாக நடக்கும். பள்ளிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றை இப்போதே எடுத்து வையுங்கள். எல்லாவற்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மறுநாள் அக்கா எல்லாக் காகிதங்களையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டு வந்தார். பள்ளிச் சான்றிதழில் பையனின் பெயர் ஒரு விதமாகவும் ஆதாரில் ஓர் எழுத்து மாறியும் இருந்தது. அதை அக்காதான் கண்டுபிடித்தார். திங்கட்கிழமை இட்லி விற்று முடித்ததும் ஆதார் மையத்துக்குப் போகிறார்.