வார்ஃபரின் சாப்பிடுபவருக்குக் காய்ச்சல் ஏன் ஆபத்து?

ஃப்ளூ காய்ச்சல் வந்தால், வழக்கமான வார்ஃபரின் அளவே அதிகமாகிவிடலாம். ஏன்? ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் கல்லீரல் தயாரிக்க வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் அந்த வைட்டமினின் வேலையைத்தான் தடுக்கிறது. காய்ச்சலில் அந்தப் புரதங்கள் வேகமாக அழிகின்றன. வாய்க்கசப்பால் கீரை இறங்காததால் வைட்டமின் கே வரத்தும் குறைகிறது. இதனால், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும், பலருக்கு 2 முதல் 3-க்குள் இருக்கவேண்டிய ஐஎன்ஆர் அளவு எகிறலாம். பல் துலக்கினாலே ஈறில் ரத்தம் கசியலாம். உடம்புவலிக்கு ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரினை நீங்களாக வாங்கிப் போட்டால் வயிற்றில் ரத்தக்கசிவு ஆபத்தும் கூடும்.

எப்படித் தடுப்பது? ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போடுங்கள். மெல்லிய ஊசியால் போட்டபின், தேய்க்காமல் 2 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். காய்ச்சல் வந்துவிட்டால் வார்ஃபரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரைக் கேட்டு ஐஎன்ஆர் பாருங்கள். மலம் கறுத்துப் போனால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.